ஏழாம் நம்பர் பாட்டில்

ஆரணி,
ஆகஸ்ட் 18, திங்கட்கிழமை.

அன்பு மகன் டேவிட்ராஜுக்கு அம்மா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் இங்கே நான் நலம், அப்பா இரண்டு காலோடும் நலம். அங்கே நீயும் லிடியாவும் ஜாய்ஸ் குட்டியும் பிறந்து இரண்டு மாதமான என் பேரனும் அப்படியே இருக்க வேண்டும் என்பதுதான் காலையும் மாலையும் என் ஜெபம். இரண்டு காலோடும் என்று எழுதியது கை தவறி வந்தது இல்லை, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். தினமும் வீடியோவில் பார்க்கிறோமே, கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் சொன்னால் நீ பாதியிலேயே ஏன் முன்னாடியே சொல்லவில்லை என்று ஆரம்பிப்பாய், நானும் அழுதுவிட்டு விஷயத்தை விழுங்கிவிடுவேன். முப்பத்தாறு வருஷம் தபால் பை சுமந்த உன் அப்பாதான், "எழுதி அனுப்பு ஜெபா, கடுதாசின்னா குறுக்க பேச முடியாது, முழுசா படிச்சித்தான் ஆவணும்" என்றார். ஜாய்ஸுக்குப் பட்டுப்பாவாடை அனுப்புகிற பார்சலிலேயே இதையும் வைக்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை நீ பேச்சோடு பேச்சாகச் சொன்ன ஒரு விஷயம்தான் என்னை எழுத உட்கார வைத்தது. அது என்ன என்று கடைசியில் சொல்கிறேன். அங்கே தாவிப் போகாமல் வரிசையாகப் படி.

போன கார்த்திகையில் அப்பா தேவிகாபுரம் போய்த் திரும்பும்போது ஸ்கூட்டரோடு விழுந்தார், காலில் சின்ன அடி என்று உன்னிடம் சொன்னோம். சின்ன அடி இல்லை. முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து தோலைக் கிழித்து வெளியே வந்து, மழைச் சேற்றில் கால் மணி நேரம் கிடந்தார். ஆபரேஷன் செய்து தகடு வைத்தார்கள். தையல் பிரித்த பிறகும் ஓரிடத்தில் கசிவு நிற்கவே இல்லை. அங்கே நான் செய்த தப்பை மறைக்காமல் எழுதுகிறேன். திரும்ப டாக்டரிடம் கூட்டிப் போகாமல், மெடிக்கலில் பழைய சீட்டைக் காட்டி மாத்திரை வாங்கினேன். கசிவு நின்றால் மாத்திரையை நிறுத்துவேன், மிச்சத்தை டப்பாவில் போட்டு வைப்பேன், மறுபடி கசிந்தால் அதையே எடுத்துக் கொடுப்பேன். நம் சேலைக் கடைக்கு வருகிறவர்கள் யாராவது, எங்க மாமியாருக்கு இந்த மாத்திரைதான் கேட்டுது என்றால் அதையும் வாங்கிக் கொடுத்தேன். அறுந்த நூலைக்கூட முடிந்து வைக்கிறவள் நான், நல்ல மாத்திரையை எறிவேனா. மூன்று மாதத்துக்கு மேல் இப்படியே ஓட்டினேன். அந்தக் கிருமிக்கு ஒவ்வொரு மருந்தாகக் கொஞ்சம் கொஞ்சம் ருசி காட்டிப் பழக்கிவிட்டேன். எல்லாம் உங்களால் வந்தது இல்லை, கிருமி வரும்போதே முரடாக வந்திருக்கலாம் என்று டாக்டர் பிறகு ஆறுதல் சொன்னார். ஆறுதலை ஆறுதலாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

ஏப்ரல் முதல் வாரம் ஜுரம் நூற்று மூன்றுக்குப் போய் அப்பா பிதற்ற ஆரம்பித்ததும் வேலூருக்குக் கொண்டு போனோம். லிடியாவுக்கு அப்போது ஏழாம் மாதம், படுத்தே இருக்க வேண்டும் என்று உங்கள் டாக்டர் சொல்லியிருந்தார். இந்த நேரத்தில் நீ டிக்கெட் போட்டுக்கொண்டு ஓடி வந்தால் அவளை யார் பார்ப்பது. அதனால் மறைத்தேன். அப்பாவை ஏம்மா நெஞ்சுக்கு மேலேயே காட்டுற என்று ஒரு நாள் கேட்டாய், பின்னால் தொங்குகிறதே, புதுத் திரைச்சீலையா என்றும் கேட்டாய். அது திரைச்சீலை இல்லை. கடையிலிருந்து நான் எடுத்துப் போன மயில்கழுத்துக் கலர் சேலை. குளுக்கோஸ் கம்பியும் வார்டு சுவரும் தெரியக் கூடாது என்று நர்ஸிடம் கெஞ்சி, கட்டிலுக்குப் பின்னால் கட்டிவிடுவேன். உன் போன் முடிந்ததும் அவிழ்த்து மடித்து வைப்பேன். பக்கத்துக் கட்டில்காரர், "இன்னாம்மா, ஆஸ்பத்திரியிலயே கடை போட்டுட்டியா" என்று கேட்டு, அவர் மகளுக்கு அதே கலரில் ஒன்று வேண்டும் என்றார். மூன்று வாரத்தில் அந்த வார்டிலேயே நாலு பேர் கேட்டுவிட்டார்கள், அது வேறு கதை.

கதை இதுதான். சீழை எடுத்து லேபில் வளர்த்துப் பார்த்தார்கள். கிளெப்சியெல்லா என்று ஒரு கிருமி. பதினெட்டு மருந்தை அதன் மேல் வைத்துப் பார்த்ததில் பதினேழுக்கு அசையவில்லை, ஒன்றுக்கு மட்டும் கொஞ்சம் தயங்கியது, அதுவும் கிட்னியைக் கெடுக்கிற மருந்து. டாக்டர் என்னைத் தனியாக உட்கார வைத்து, கிருமி தொடைக்கு ஏறாமல் நாலு வாரம் தள்ளிப் பார்க்கலாம், ஏறினால் முட்டிக்கு மேலே காலை எடுத்துத்தான் உயிரைக் காப்பாற்ற வேண்டும் என்றார். டேவிட், உன் அப்பா பேச்சில் கெட்டிக்காரர் இல்லை, கணக்கில் கெட்டிக்காரர் இல்லை, அவர் கெட்டிக்காரத்தனம் எல்லாம் காலில்தான். ரிட்டையர்ட் ஆன பிறகும் காலையில் நாலு கிலோமீட்டர் நடக்காமல் காபி குடிக்காதவர். அவரிடம் இதை எப்படிச் சொல்வது என்று நான் வாசலில் நின்றுகொண்டிருந்தபோது டாக்டரே வெளியே வந்து, இன்னொரு வழி இருக்கிறது, ஆனால் கேரண்டி கிடையாது என்றார்.

அந்த வழியை எனக்குப் புரிந்தபடி சொல்கிறேன். நமக்கு வைரஸ் வந்து ஜுரம் வருகிறது இல்லையா, அதேபோல் பாக்டீரியாவுக்கும் வைரஸ் உண்டாம். ஃபேஜ் என்று பேர். அது மனுஷனைத் தொடாது. பாக்டீரியாவுக்குள் புகுந்து, உள்ளேயே பெருகி, அதை வெடிக்க வைத்து வெளியே வருமாம். ஆனால் ஒரு ஃபேஜ் எல்லாக் கிருமியையும் கொல்லாது, அதற்கென்று உள்ள ஒரு ஜாதிக் கிருமியை மட்டும்தான் பிடிக்கும். டாக்டர் பூட்டு சாவி என்றெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார், எனக்கு அவ்வளவு தேவைப்படவில்லை. நான் சேலைக் கரைக்குக் கலர் எடுக்கிறவள். அரக்கு என்றால் எத்தனை அரக்கு, சாயக்காரரிடம் துண்டு நூலைக் கொடுத்து வெயிலில் வைத்துப் பக்கத்தில் பக்கத்தில் பார்த்தால்தான் அதுவா இல்லையா என்று தெரியும், கிட்டத்தட்ட என்பது நம் தொழிலில் கிடையாது. இதுவும் அப்படித்தான் என்று புரிந்துவிட்டது. கடையில் வாங்குகிற மருந்து இல்லை, வேறு வழி இல்லாதவர்களுக்கு மட்டும் ஆஸ்பத்திரிக் கமிட்டி அனுமதி கொடுத்தால் செய்வது. பலிக்காமலும் போகலாம், பலித்தாலும் ஆன்டிபயாட்டிக்கோடு சேர்த்துத்தான் என்று எல்லாவற்றையும் முன்னாலேயே சொன்னார். சாயம் போகவே போகாது என்று சத்தியம் செய்கிறவனிடம் நான் சரக்கு எடுத்ததே இல்லை, போனால் என்ன செய்யலாம் என்று சொல்கிறவனிடம்தான் எடுப்பேன். கையெழுத்துப் போட்டேன். அப்பாவும் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஊரு பேரு தெரியாத தபாலே வீடு கண்டுபிடிச்சிப் போய் சேருது, இது போவாதா" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

பெங்களூரில் ஒரு ஆய்வகத்துக்கு அப்பாவின் கிருமியை அனுப்பினார்கள். அங்கே இருக்கிற பொண்ணு பேர் அன்புச்செல்வி, போளூர் பக்கத்துப் பொண்ணு, நம் பேச்சுத்தான். அவர்கள் கையில் இருந்த ஃபேஜ் எதுவும் அப்பாவின் கிருமிக்குச் சேரவில்லை. அவள் போன் செய்து, நாங்கள் இங்கே தேடுகிறோம், ஆனால் இந்தக் கிருமி எங்கே கிடக்குமோ அங்கேதான் அதன் எதிரியும் கிடக்கும், உங்கள் ஊர்ச் சாக்கடையிலும் ஆறு இடத்தில் பிடித்து அனுப்புங்கள் என்றாள். பாட்டில், கையுறை எல்லாம் அவளே அனுப்பினாள். இங்கேதான் நான் இரண்டாவது தப்பைச் செய்தேன், உன் அம்மாவைத் தவிர உலகத்தில் வேறு யாரும் செய்யாத தப்பு. நானும் கடையில் நெசவுக் கணக்குப் பார்க்கிற தருமனும் போய் ஆறு பாட்டில் பிடித்தோம். கொண்டு வந்து மேஜையில் வைத்துப் பார்த்தால், கருப்பாக, கசடாக, மூடியைத் திறந்தால் குடலைப் பிடுங்குகிறது. நீ சின்ன வயதிலிருந்து பார்க்கிறாய், வெளியூர் பார்ட்டிக்கு சாம்பிள் என்றால் சேலைக் கட்டுக்குள் இருப்பதிலேயே சுத்தமான சேலையைத்தான் நான் எடுத்து வைப்பேன். என் பேர் ஒட்டி, ஆரணி என்று எழுதி, இப்படி ஒரு நாற்றத்தை ஒரு படித்த பொண்ணு கையில் எப்படிக் கொடுப்பது. பழைய பட்டுத் துணியை நாலாக மடித்து வடிகட்டினேன். படிகாரம் போட்டுத் தெளிய வைத்தேன். அப்படியும் மணந்தது, ஒவ்வொன்றிலும் ஒரு சிட்டிகை பிளீச்சிங் பவுடர் போட்டேன். "அக்கா, அவங்க கேட்டது இது இல்லைன்னு தோணுது" என்று தருமன் இழுத்தான். உனக்கு வியாபாரம் தெரியுமா எனக்குத் தெரியுமா என்று வாயை அடைத்தேன். தருமன் ஐஸ் பெட்டியோடு பஸ் ஏறிக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தான்.

நாலாம் நாள் அன்புச்செல்வி பேசினாள். "ஆன்ட்டி, உங்க ஊரு சாக்கடையில ஃபேஜும் இல்ல, பாக்டீரியாவும் இல்ல, ஒண்ணுமே இல்ல. இதைக் குடிக்கலாம் போல இருக்கு, எப்படி ஆன்ட்டி?" என்றாள். முதலில் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. பிறகு வடிகட்டியது, படிகாரம், பவுடர் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். அப்புறம் மெதுவாக, "நாங்க தேடுறதே அந்த நாத்தத்துலதான் ஆன்ட்டி இருக்கு. நீங்க அதைக் கொன்னு அனுப்பிட்டீங்க" என்றாள். நாலு வாரத்தில் பத்து நாள் அதற்குள் போயிருந்தது, அன்று காலை அப்பாவுக்கு ஜுரம் மறுபடி நூற்று இரண்டு. ஆஸ்பத்திரி மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டேன். மாத்திரையில் ஒரு முறை, பாட்டிலில் ஒரு முறை, இரண்டு தரம் அவர் காலை நானே வெட்டியது போல இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, இருக்கிறதிலேயே மோசமான சாக்கடை எதும்மா வேண்டும், வீட்டுக் கக்கூஸ் கலக்கிறதா என்று கேட்டேன். அதுதான் வேண்டும் என்றாள். எனக்குத் தெரியாதா அது எங்கே இருக்கிறது என்று. எட்டு வருஷமாக நான் மனு எழுதுகிற இடம் அது.

நம் குடோனுக்குப் பின்னால் தனக்கோடியின் லைன் வீடுகள் உனக்கு ஞாபகம் இருக்கும். பதினோரு குடித்தனம், ஒரே செப்டிக் டேங்க், வழிந்து நம் சுவரை ஒட்டித்தான் ஓடும். அதற்காக நகராட்சிக்கும் கலெக்டர் ஆபீஸுக்கும் நான் கொடுத்த மனுவை அடுக்கினால் ஒரு சேலைக் கட்டு உயரம் வரும். அவருக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை நின்று ஆறு வருஷம். அன்று மதியமே ஆரணி வந்து கையுறையும் பாட்டிலுமாக அவர் வாசலில் நின்றேன். மனுஷன் என்னை ஏற இறங்கப் பார்த்து, "இன்னாம்மா, மனு குடுத்து குடுத்து சலிச்சிப்போயி நீங்களே அள்ளிகினு போவ வந்துட்டீங்களா" என்றார். நியாயமான பேச்சு, நானாக இருந்தாலும் கேட்டிருப்பேன். வீம்பு பார்க்காமல் விஷயத்தைச் சொன்னேன். கேட்கக் கேட்க அவர் முகம் மாறியது. "தபால்காரர் காலா? நீங்க என்மேல கேஸ் போடுவேன்னு சொன்ன நாள்லகூட அந்த மனுஷன் நின்னு, சாப்பிட்டியா தனக்கோடின்னு கேட்டுட்டுத்தானே போவாரு" என்று சொல்லி, லுங்கியை மடித்துக் கட்டி டேங்க் மூடியைக் கடப்பாரை வைத்து அவரே நெம்பினார். குவளையில் கயிறு கட்டி இறக்கி எடுத்து என் பாட்டிலில் ஊற்றினார். நான் மூக்கைப் பொத்தவில்லை. "இதுல ஒண்ணும் கலக்காம கொண்டு போங்கம்மா, ஒரிஜினல் சரக்கு" என்றார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. முதல் ஆறு வீணானதால் அந்த பாட்டிலுக்கு ஏழு என்று நம்பர் எழுதினேன். இன்னும் ஐந்து இடத்திலும் பிடித்து அன்றே தருமனை பஸ் ஏற்றிவிட்டேன்.

மூன்றாம் நாள் அன்புச்செல்வி போனுக்கு ஒரு போட்டோ அனுப்பினாள். வட்டக் கண்ணாடித் தட்டில் அப்பாவின் கிருமியைக் கஞ்சி போட்ட துணி மாதிரி மெழுகி வளர்த்து, அதன் மேல் ஒவ்வொரு பாட்டில் தண்ணீரையும் சுத்தமாக்கி வைத்துப் பார்த்திருக்கிறாள். ஏழாம் நம்பர் தட்டில் மட்டும் பூச்சி அரித்த பட்டு போல வட்ட வட்டமாக ஓட்டை, கிருமி செத்த இடங்கள். ஓட்டை விழுந்த சேலையைக் கண்டால் நான் நெசவுக்காரரை என்ன பேசுவேன் என்று உனக்குத் தெரியும், அன்றைக்கு அந்த ஓட்டைகளை விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்து வார்டில் எல்லாருக்கும் காட்டினேன். சாக்கடைத் தண்ணீரை அப்படியே காலில் ஊற்றிவிட்டார்கள் என்று பயப்படாதே. அந்த ஃபேஜை மட்டும் தனியாகப் பிரித்து, வளர்த்து, சுத்தம் செய்து, நல்லதுதானா என்று திரும்பத் திரும்பச் சோதித்து முடிக்க அந்தப் பொண்ணும் அவளோடு இருந்தவர்களும் இரண்டு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போகவில்லை. நாலு வாரத்துக்கு இரண்டு நாள் மிச்சம் இருக்கும்போது சின்னச் சின்னக் குப்பிகளில் வந்து சேர்ந்தது, பார்க்க வெறும் தண்ணீர் மாதிரி. டாக்டர்கள் தகட்டை எடுத்துவிட்டு உள்ளே கழுவி, வெளியில் கம்பி மாட்டி எலும்பை நிறுத்தி, மெல்லிய குழாய் வழியாகப் பத்து நாள் அதை விட்டார்கள், கூடவே கிருமி தயங்கிய அந்த ஒரு மருந்தும் ஏறியது. முதல் இரண்டு நாள் ஒன்றும் தெரியவில்லை, ஜுரம் வேறு ஒரு தடவை தூக்கியது, நான் சாப்பிடவில்லை. நாலாம் நாள் இறங்கியது. ஆறாம் நாள் கட்டுப் பிரித்தபோது அந்த நாற்றம் இல்லை. எட்டாம் நாள் அப்பா, "ஜெபா, பசிக்குது, கேண்டீன் இட்லி வேணாம், தோசை வாங்கியா" என்றார். அதற்கப்புறம் எடுத்த மூன்று சோதனையிலும் கிருமி இல்லை.

நான் கண்ட இந்த நன்மைக்கு யாருக்கென்று நன்றி சொல்வது. போன மாதம் சர்ச்சில் எல்லார் முன்னாலும் அந்த நன்மையைச் சாட்சி சொல்ல எழுந்தேன். தனக்கோடியையும் அழைத்திருந்தேன், வேட்டி கட்டிக்கொண்டு கடைசி வரிசையில் செருப்பை எங்கே விடுவது என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆராதனைக்கு முன்னால் போதகர் என்னிடம், கழிவுநீர் என்று மரியாதையாகச் சொல்லிவிடுங்கள் அம்மா என்றார். நான் சாக்கடை என்றுதான் சொன்னேன். கர்த்தர் வைத்திருந்த இடம் அது, நான் பேரை மாற்ற யார். பெண்கள் பக்கம் சிரித்தார்கள், பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. டாக்டர் சொன்னதையும் சேர்த்தே சொன்னேன்: இது எல்லாருக்கும் பலிக்கும் என்று நினைக்கக் கூடாது, ஃபேஜ் பாதி மருந்து பாதி என்று பிரித்துச் சொல்லவும் முடியாது, நாளைக்குக் கிருமி மாறினால் மறுபடி தேட வேண்டும். கலப்படம் இல்லாத சாட்சிதான் சாட்சி. தனக்கோடி மேல் இருந்த மனு என்ன ஆயிற்று என்று கேட்பாய். வாபஸ் வாங்கவில்லை, பதினோரு குடித்தனத்துப் பிள்ளைகளும் அதை மிதித்துத்தான் பள்ளிக்கூடம் போகிறார்கள். இப்போது மனுவில் என் கையெழுத்துக்குக் கீழே அவர் கையெழுத்தும் இருக்கிறது, டேங்கைப் பெரிதாக்கி மூடு கால்வாய் போடச் சொல்லி இரண்டு பேரும் சேர்ந்தே திருவண்ணாமலை கலெக்டர் ஆபீஸுக்குப் போய்க் கொடுத்தோம். ஜன்னலைத் திறந்தால் இன்னும் நாறுகிறது. முன்னே போல நான் திட்டுவதில்லை, அவ்வளவுதான்.

இனி நீ சொன்ன விஷயத்துக்கு வருகிறேன். ஜாய்ஸுக்குக் காது வலி என்று டாக்டர் பத்து நாளைக்கு ஆன்டிபயாட்டிக் சிரப் கொடுத்தார், நாலு நாளில் சரியாகிவிட்டது, மிச்சத்தை அடுத்த தடவைக்கு ஃபிரிட்ஜில் வைத்திருக்கிறோம் என்றாய். நான் வளர்த்த பிள்ளை அல்லவா, என் டப்பா புத்தி உனக்கும் வந்திருக்கிறது, உன்னைத் திட்ட எனக்கு வாய் இல்லை. ஆனால் இந்த ஒன்றில் என்னைப் போல இருக்காதே. டாக்டர் எத்தனை நாள் சொன்னாரோ அத்தனை நாள், குறைப்பது கூட்டுவது எதுவானாலும் அவரைக் கேட்டு. அந்தச் சிரப்பை அடுத்த தடவைக்கு வைக்காதே, சிங்க்கிலும் ஊற்றாதே, மருந்துக் கடையில் திருப்பிக் கொடுத்தால் வாங்கிக்கொள்வார்களாம், அன்புச்செல்வியிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். நாளைக்கே ஜாய்ஸின் டாக்டருக்குப் போன் செய்து நடுவில் நிறுத்தியதைச் சொல்லிவிடு, கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும். உன்னிடம் மறைத்ததற்கு என் மேல் வருத்தம் இருந்தால் அதை மனதில் வைக்காமல் போனில் கொட்டிவிடு, கேட்டுக்கொள்கிறேன். ஆனால் லிடியாவுக்கு முன்னால் வேண்டாம், பிள்ளைக்குப் பால் கொடுக்கிறவள்.

பாவாடையில் இடுப்பில் உள்மடிப்பு வைத்திருக்கிறேன், வளர வளரப் பிரித்து இரண்டு வருஷம் போடலாம், வெயிலில் காயப் போடாதே. ஒன்பது மாதமாக எங்களைத் தாங்கிய அதே கரம் உங்கள் வீட்டு வாசலிலும் இருக்கட்டும், பேரன் தலை நிற்பதற்குள் ஒரு தடவை அவனை என் மடியில் போட வழி பார். அப்பா உனக்கு எழுத ஒன்றும் இல்லையாம், கையெழுத்து மட்டும் போடுகிறேன் என்றார். நாற்காலியை இழுத்துப் போட்டேன், வேண்டாம் என்று தள்ளிவிட்டார். கீழே கோணலாக இருப்பது அவருடையதுதான். ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு, கல்லா மேஜையைக்கூடப் பிடிக்காமல் நின்றுகொண்டு போட்டது.

ஆசீர்வாதங்களுடன்,
உன் அம்மா
ஜெபராணி

பவுல்துரை